கூடுவிட்டுக் கூடு பாயும் கோப்பு: வடிவமைப்புத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணப் பத்திரிகை எத்தனை மென்பொருளைத் தாண்டி அச்சுக்குப் போகிறது என்று பாருங்கள். பெண்ணின் தங்கை கைப்பேசியில் கேன்வாவில் ஒரு மாதிரி போட்டு அனுப்புகிறாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அதை இல்லஸ்ட்ரேட்டரில் புதிதாக அடுக்குகிறீர்கள். மாப்பிள்ளை படத்தின் பின்னணியை ஃபோட்டோஷாப்பில் வெட்டி எடுக்கிறீர்கள். அச்சகத்துக்கு பிடிஎஃப் போகிறது. மண்டப வாசலில் வைக்கப் பண்டிங் வேண்டும் என்று அதே கோப்பு கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் உள்ள பேனர் கடைக்குப் போக, அங்கே கோரல் டிராவில் திறக்கிறார்கள். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்று உதிர்கிறது. பெரும்பாலும் உதிர்வது தமிழ்தான்.

"இதில் இருக்கிற வசதி அதில் ஏன் இல்லை அண்ணே?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். இருக்கும், இல்லாமல் போகும், அடுத்த பதிப்பில் வரும். ஒரு மென்பொருளில் செய்தது அடுத்ததற்கு எவ்வளவு புரியும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த வரிசையிலும் படிக்கலாம்; மூன்றாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1. வேலை எங்கே போய் முடியும் என்று முதலில் கேளுங்கள். ஆஃப்செட்டா, டிஜிட்டல் அச்சா, ஃப்ளெக்ஸா, ஸ்டிக்கர் வெட்டும் கட்டரா, வாட்ஸ்அப்பில் சுற்றும் படமா? கட்டருக்குப் போகும் எழுத்தை ஃபோட்டோஷாப்பில் போட்டால் வேலை இரண்டு தடவை. முப்பத்திரண்டு பக்கக் கோயில் மலரை இல்லஸ்ட்ரேட்டரில் அடுக்கினால் பக்க எண்ணைக்கூடக் கையால் போட வேண்டியிருக்கும். கடைசியில் கோப்பைத் திறக்கப்போகிறவரிடம் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

2. ஒரு கோப்பில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: கண்ணுக்குத் தெரியும் உருவம், அதன் கட்டமைப்பு, பிறகு திருத்தக்கூடிய உயிர். உருவம் எங்கே வேண்டுமானாலும் போகும். கட்டமைப்பு, அதாவது அடுக்குகள், குழுக்கள், பாதைகள், பாதி தூரம் போகும். உயிர் பெரும்பாலும் பிறந்த மென்பொருளிலேயே நின்றுவிடும். கோரலில் போட்ட மென்மையான நிழல் இல்லஸ்ட்ரேட்டருக்கு வரும்போது ஒரு பிட்மேப் படமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அதேதான், அதன் கோணத்தை மட்டும் இனி மாற்ற முடியாது. ஃபோட்டோஷாப்பின் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களை வேறு மென்பொருள் திறந்து காட்டினாலும் கணக்கு அச்சாக ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம்.

இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்புக்குள் ஒரு பிடிஎஃப் ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சேமிக்கும்போது 'கிரியேட் பிடிஎஃப் கம்பாட்டிபிள் ஃபைல்' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் இருந்தால்தான் அந்தப் பிடிஎஃப் உள்ளே போகும். இன்டிசைன் ஏஐ கோப்பைப் பக்கத்தில் வைப்பதும், இங்க்ஸ்கேப் அதைத் திறப்பதும் அந்தப் பிடிஎஃப்பைப் படித்துத்தான். கோப்பின் அளவு குறையட்டும் என்று டிக்கை எடுத்துவிட்டு அனுப்பினால், மறுமுனையில் உங்கள் வடிவத்துக்குப் பதில் ஓர் ஆங்கில அறிவிப்புதான் தெரியும். இல்லஸ்ட்ரேட்டர் இல்லாத கடையிலும் ஏஐ திறக்கிறதே என்று வியப்பவர்கள் உண்டு. திறப்பது அந்த உள்ளே இருக்கும் பிடிஎஃப். அதனால்தான் திறந்த பிறகு எழுத்து துண்டு துண்டாகக் கிடக்கிறது.

3. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிச் சேர்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வடிவமைப்பு பயிலகங்கள் எத்தனையோ இருக்கின்றன. இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை நான் பார்த்ததில்லை.

பழைய தமிழ் எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இயங்கின. 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளை அந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதைப் பொறுத்தவரை அவை வெறும் படங்கள். இதனால் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது: பேஜ்மேக்கர், ஃப்ரீஹேண்ட், கோரல் எல்லாவற்றிலும் தமிழ் ஒரே மாதிரி வந்தது. ஆனால் ஆளுக்கொரு குறியேற்றம். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஊருக்கு ஊர் வேறு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கிறுக்கல். தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாப், டாம் இரண்டையும் தரப்படுத்தியதுகூட இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

யுனிகோட் வேறு வழியில் போனது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. நமக்கு ஒதுக்கியது 128 இடங்கள். நம் எழுத்தோ 247. ஆகவே 'கொ' என்று ஓர் எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. க முதலில், ஒகரக் குறி அடுத்து என்று உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காலைப் பின்னால் வைத்து வரைவது மென்பொருளில் உள்ள எழுத்துச்சேர்ப்பு இயந்திரமும் எழுத்துருவுக்குள் எழுதிவைத்த விதிகளும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த இயந்திரம் இல்லாத மென்பொருளில், அல்லது இருந்தும் முடுக்கப்படாத மென்பொருளில், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இந்த மாற்றத்தில் கோலாலம்பூருக்குப் பெரிய பங்குண்டு. 1980-களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் இந்த ஊர்க்காரர். உங்கள் மேக் கணினியில் 'தமிழ் எம்என்', 'தமிழ் சங்கம் எம்என்' என்று இரண்டு எழுத்துருக்கள் இருக்கின்றனவே, அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள். மேக்கில் இருக்கும் இணைமதியும் அவருடையது. குறியேற்றச் சண்டைகள் சூடாக இருந்த காலத்தில், 2001 ஆகஸ்டில், தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆனால் எழுத்துரு தயாரானால் மட்டும் போதவில்லை, வடிவமைப்பு மென்பொருளும் தயாராக வேண்டியிருந்தது. அதற்கு 2012 வரை காத்திருந்தோம். அந்த ஒரே ஆண்டில்தான் கோரல் எக்ஸ்6 கலப்பெழுத்து ஆதரவோடு வந்தது. அடோபியின் சிஎஸ்6-இல் இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டரும் இந்திய எழுத்துகளை முறையாகச் சேர்க்கத் தொடங்கின. அச்சகக்காரர்கள் பழைய எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை எள்ளி நகையாடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் வேறு வழி இருக்கவில்லை.

இன்றும் இது தானாக நடப்பதில்லை. இன்டிசைனில் பத்திப் பலகையின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்துவிட்டு, அதே கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் பகுதியிலேயே எழுத்து இயந்திரத்தை மாற்றும் இடம் இருந்தது. அவற்றில் சிலவற்றில் அதற்கு 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று பெயர். இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. அவை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல இயந்திரங்களை நம்பி இருப்பதால் தமிழ் எடுத்த எடுப்பிலேயே சரியாக வரும். காசு கொடுத்து வாங்கியதில் டிக் தேடி அலைகிறோம், இலவசமாகக் கிடைத்ததில் தமிழ் ஒழுங்காக வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றில் ஒட்டியதும் 'கோயில்' சிதைந்து தெரிந்தால், கோளாறு எழுத்திலா தோற்றத்திலா என்று முதலில் பாருங்கள். அந்தச் சொல்லை நோட்பேடிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டுங்கள். அங்கே சரியாக வந்தால் எழுத்து பத்திரமாகத்தான் இருக்கிறது. கம்போசரை மாற்றினால் போதும். புதியவர்கள் பலர் அப்படிச் செய்வதில்லை. கொம்பைத் தனியாகத் தட்டி முன்னால் வைத்து, இடைவெளியைக் குறைத்து, கண்ணுக்கு ஒருவாறு சரிசெய்துவிடுகிறார்கள். அந்தத் திரையில் அழகாகத் தெரியும். அடுத்த கடையில் ஒழுங்காக அமைத்த மென்பொருளில் திறந்ததும் கொம்பு வேறு எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நோயில்லாத இடத்தில் செய்த அறுவை.

4. 'ஸ்ரீ' மீது தனிக் கண் வையுங்கள். நம் வேலையில் பாதி கோயில் வேலை. மீதிப் பாதி கல்யாணம். இரண்டும் ஸ்ரீயில்தான் தொடங்கும். யுனிகோட்டில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கி மற்றொன்று. சில எழுத்துருக்களுக்கு இரண்டும் தெரியும். பழைய சிலவற்றுக்கு முதலாவது மட்டுமே. எழுத்துரு மாறியதும் ஸ்ரீ பிரிந்து புள்ளி வைத்த எழுத்தும் 'ரீ'யுமாக நின்றால் காரணம் இதுதான். மற்றதைத் தட்டிப் பாருங்கள். 'கௌ' வையும் சேர்த்துக் கவனியுங்கள்: ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ள-வைத் தட்டிவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அச்சில் வித்தியாசம் தெரியாது. தேடலிலும் எழுத்துரு மாற்றத்திலும் தெரியும்.

5. பழைய கோப்பை மாற்றும்போது அவசரம் கூடாது. பத்து வருடத்துக்கு முந்தைய கும்பாபிஷேக மலரைக் கொண்டுவந்து, "இதே மாதிரி, தேதி மட்டும் மாற்றுங்கள்" என்பார்கள். எழுத்து டிஸ்கியிலோ டாமிலோ இருக்கும். முரசு அஞ்சலின் மாற்றியோ என்எச்எம் கன்வெர்ட்டரோ யுனிகோட்டுக்கு மாற்றிக்கொடுக்கும். ஆனால் டிஸ்கியும் டாப்பும் ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவைத்தவை. டாமும் பாமினியும் அந்த இடங்களையும் தமிழுக்கு எடுத்துக்கொண்டவை. பின்னவற்றில் முழுப் பக்கத்தையும் மொத்தமாக மாற்றினால், நடுவில் வேறு எழுத்துருவில் இருந்த ஆங்கிலமும் மலாயும் தமிழாக மாறிவிடும். 'ஜாலான் துன் சம்பந்தன்' என்ற மலாய் முகவரி வரி என்னவாகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள், மறக்காது. பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

பழைய எழுத்துரு டைப் 1 வகையாக இருந்தால், 2023 ஜனவரியோடு அடோபி மென்பொருள்கள் அதை ஏற்பதை நிறுத்திவிட்டன. அப்படிப்பட்ட கோப்பைத் திறக்கப் பழைய பதிப்புள்ள கணினி ஒன்றை எங்காவது தேட வேண்டும். மூத்த அச்சகக்காரர்களோடு நல்லுறவு வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. எழுத்தைக் கோடாக மாற்றுவது கடைசி வேலை, அதுவும் நகலில். இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்', கோரலில் 'கன்வர்ட் டு கர்வ்ஸ்', இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. பெயர் மூன்று, வேலை ஒன்று. எழுத்து எழுத்தாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் வடிவமாகிவிடும். எந்த மென்பொருளிலும் சிதையாது. தமிழ் வேலையை வெளியே அனுப்பும்போது இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனது அதற்குப் பிறகுதான் தெரியவரும். ஆகையால் எழுத்தோடு ஒரு கோப்பு, கோடாக்கிய கோப்பு வேறு. பெயரிலேயே தெரியும்படி வையுங்கள்.

கட்டருக்குப் போகிற வேலையில் இன்னொரு படி உண்டு. பல தமிழ் எழுத்துருக்களில் இகரக் குறி எழுத்தின் மேல் சற்று ஏறி நிற்கும். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கோடுகள் இரண்டு. கட்டருக்கு நிறம் தெரியாது, கோடு மட்டுமே தெரியும். ஏறி நிற்கும் இடத்தையும் வெட்டிவிடும். ஸ்டிக்கரை உரித்தால் 'கி' இரண்டு துண்டாக வரும். கோரலில் 'வெல்ட்', இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் 'யுனைட்' போட்டு இணைத்த பிறகே அனுப்புங்கள். கடைப் பலகை என்றால் இன்னும் கவனம் தேவை. மலாய் மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பதும், டேவான் பஹாசாவின் மொழிச் சரிபார்ப்பும் உள்ளூராட்சி மன்றங்கள் வழக்கமாகக் கேட்பவை. அனுமதி வாங்கிய பிடிஎஃப்பில் இருந்தது வேறு, வெட்டிய பலகையில் இருப்பது வேறு என்றால் கடைக்காரர் உங்களைத்தான் தேடி வருவார்.

7. பிடிஎஃப் முன்னோக்கிப் போவதற்கு. அதைத் திறந்து திருத்தலாம் என்று எண்ணி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடிஎஃப்புக்குள் இருப்பது பக்கத்தில் எந்த வடிவம் எந்த இடத்தில் என்ற குறிப்பு. சொல், பத்தி என்ற நினைவு அதற்குக் குறைவு. தமிழில் கொம்பு முன்னால் வரையப்பட்டிருப்பதால் நகலெடுத்து ஒட்டினால் வரிசை குழம்பிவரும். கேன்வாவிலிருந்து வரும் பிடிஎஃப்புக்கும் இதே கதிதான். வாடிக்கையாளரிடம் எழுத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி, கேன்வா பக்கத்தைக் கண்ணால் பார்த்து அடுக்குவதே விரைவு.

அச்சகத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃப்/எக்ஸ் வகையா என்று கேளுங்கள். பழைய எக்ஸ்-1ஏ ஒளிபுகும் நிழல்களை ஏற்காது, எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். எக்ஸ்-4 அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளும். எதைக் கேட்கிறார்களோ அதைக் கொடுங்கள், வாதாடாதீர்கள்.

8. நிறம் பற்றி ஒரு நூலே எழுதலாம். இங்கே இரண்டு மட்டும். முதலாவது, கறுப்பு. ஆர்ஜிபியில் செய்த கறுப்பு எழுத்தை சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் நான்கு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடும். ஆஃப்செட்டில் நான்கு தகடும் மயிரிழை விலகினால் போதும், தமிழின் மெல்லிய சுழிகள் நிற நிழலோடு தெரியும். எழுத்துக்கு வெறும் கறுப்பு மை மட்டும், நூறு விழுக்காடு. ஃபோட்டோஷாப்பில் எழுத்தைப் போட வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்டிசைனின் இயல்பான கறுப்பு இந்தச் சிக்கலில் மாட்டாது.

இரண்டாவது, வாடகை நிறம். 2022 நவம்பரில் பான்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பாலானவை அடோபியிலிருந்து எடுக்கப்பட்டபோது, பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிந்தன. வாடிக்கையாளர் சின்னத்தின் நிறத்தைப் பான்டோன் எண்ணோடு நிறுத்தாமல் சிஎம்ஒய்கே, ஆர்ஜிபி அளவுகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், இன்டிசைன் மூன்றுக்கும் பொதுவாக ஏஎஸ்இ என்ற நிறப்பட்டியல் கோப்பு உண்டு. ஒன்றில் சேமித்து மற்றதில் ஏற்றலாம். கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா மூன்றும் ஜிபிஎல் என்ற பட்டியலைப் படிக்கும். அது வெறும் உரைக்கோப்பு, நோட்பேடிலேயே எழுதிவிடலாம். ஆர்ஜிபி அளவு மட்டுமே அதில் நிற்கும்.

9. வசதிகள் உண்மையிலேயே பகிரப்படும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்புக்கு எழுதிய 8பிஎஃப் வடிகட்டிகளைப் போட்டி மென்பொருள்கள் பலவும் ஏற்றுக்கொண்டன. ஏபிஆர் தூரிகைகளை கிம்ப்பும் கிரிட்டாவும் படிக்கும். ஜிமிக் என்ற வடிகட்டித் தொகுப்பு கிம்ப்பிலும் கிரிட்டாவிலும் ஒரே முகத்தோடு இயங்கும். 2006-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த முதல் லிப்ரே கிராஃபிக்ஸ் மீட்டிங்கில் திறந்த மூல ஓவிய மென்பொருள்காரர்கள் கூடி, அடுக்குகளோடு படத்தைப் பரிமாற ஓப்பன்ராஸ்டர் என்ற பொது வடிவத்தை முன்வைத்தார்கள். அழகான எண்ணம். இருந்தும் இன்றுவரை கடைகளில் நாம் பரிமாறிக்கொள்வது பிஎஸ்டி. பொது நன்மைக்காகச் செய்த வடிவத்தைவிட, எல்லோர் மேசையிலும் ஏற்கெனவே இருப்பது வென்றுவிடுகிறது.

ஒரே வீட்டுக்குள் பகிர்வதில் அஃபினிட்டி துணிந்து ஒன்றைச் செய்தது. 2019-இல் பப்ளிஷர் வந்தபோது ஸ்டுடியோலிங்க் என்ற ஏற்பாட்டில், பக்கத்தைவிட்டு வெளியே போகாமலே டிசைனரின் கோட்டுக் கருவிகளையும் ஃபோட்டோவின் படக் கருவிகளையும் அங்கேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. மூன்றுக்கும் கோப்பு வகை ஒன்றாகவே இருந்தது. 2024-இல் அந்த நிறுவனத்தைக் கேன்வா வாங்கியது. எல்லாம் சரி, அதன் இரண்டாம் பதிப்பு வரை தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேரவில்லை. இதுதான் நம் நிலைமை. ஊரே கொண்டாடும் வசதி ஒன்று வந்தால், நாம் முதலில் அதில் 'கொ' தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

10. அளவு. வெக்டர் கோப்புக்கு அளவு மாறாது என்பது பாதி உண்மை. இல்லஸ்ட்ரேட்டர் ஓர் அங்குலத்தை 72 புள்ளியாக எண்ணி எஸ்விஜி எழுதும். இங்க்ஸ்கேப் 96 ஆக எண்ணிப் படிக்கும். நம் ஊர்ப் பெயரட்டை 90 மில்லிமீட்டருக்கு 54. அது மறுபக்கம் 67.5-க்கு 40.5 ஆக வந்து நிற்கும். முக்கால் அளவாகச் சுருங்கிய கோப்பைக் கண்டால் எங்கே சுருங்கியது என்று இனித் தேட வேண்டாம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு இருபதடி பேனர் வந்தால் அது 240 அங்குலம். இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான பலகை 227 அங்குலத்தோடு முடிகிறது, பழைய பிடிஎஃப் 200 அங்குலத்தோடு. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். கோப்பின் பெயரில் '1க்கு10' என்று போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பந்தலுக்கு இரண்டடிப் பேனர் வந்து சேரும்.

11. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

12. எழுத்துருவைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், கேட்காமல் வாங்காதீர்கள். இன்டிசைனில் 'பேக்கேஜ்' போட்டால் படங்களோடு எழுத்துருவையும் ஒரு உறையில் சேர்த்துக்கொடுக்கும். எல்லா எழுத்துருவையும் அப்படிக் கொடுக்க உரிமம் இடம் தராது. மேக்கோடு வந்ததை விண்டோஸ் கடைக்குத் தூக்கிக்கொடுக்கக் கூடாது. பலரும் தொடும் வேலை என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே திறந்த உரிம எழுத்துருவை எடுங்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை. எந்தக் கடையும் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். எல்லாப் பத்திரிகையும் ஒரே முகமாக இருக்கிறதே என்று குறைப்படுவீர்கள். நியாயம்தான். தலைப்புக்கு மட்டும் நல்ல எழுத்துரு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கோடாக்கிவிடுங்கள்.

13. கோப்பு ஒவ்வொரு தடவை கைமாறிய பின்னும் தமிழைப் படியுங்கள். அச்சகத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளியாக இருக்கலாம். நிறம் விலகினால் அவர் கண்டுபிடிப்பார், கால் விலகினால் அவருக்குத் தெரியாது. அது அவர் தவறும் இல்லை. இதற்காக ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ரீ, கொடி, கோயில், கௌரி, க்ஷேத்திரம், நூறு, தூது, பூங்கொத்து, வீடு, லட்சுமி, ஹரி, ஷண்முகம். எந்த இயந்திரமும் எழுத்துருவும் இடறும் இடங்கள் பெரும்பாலும் இதில் வந்துவிடும். புது மென்பொருள், புது எழுத்துரு, புதுக் கடை எதுவானாலும் இந்த வரியை முதலில் அனுப்பி, அவர்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் ஆசை இருந்தால் அதையும் இந்த வரியிலேயே செய்து பாருங்கள். கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி நிற்பதைக் கண்டதும் ஆசை போய்விடும்.

14. "ஒரிஜினல் ஃபைல் கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுப்பதா இல்லையா, கொடுத்தால் எவ்வளவு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். கொடுப்பதாக இருந்தால் கோடாக்காத கோப்பு, கோடாக்கிய கோப்பு, பிடிஎஃப், எழுத்து மட்டும் உள்ள உரைக்கோப்பு ஆகிய நான்கும் கொடுங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த நிற அளவு என்று ஒரு சிறு குறிப்பும் சேர்த்து. உரைக்கோப்பு எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்பார். அடுத்த வருடத் திருவிழாவுக்கு வேறொரு பையன் வேறொரு மென்பொருளில் இதைத் திறக்கப்போகிறான், அவனுக்கு என்று சொல்லுங்கள்.